ராகி பாக்கெட்டின் பின்புறம்

தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டங்களில் தருமபுரி ஒன்று. அந்த ஊர் மளிகைக் கடைகளிலேயே ‘ராகி பிஸ்கட்’, ‘சிறுதானிய நூடுல்ஸ்’ என்ற பாக்கெட்டுகளைச் சத்து என்று நம்பிப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போகிறார்கள். முன்புறத்தில் ராகிக் கதிர் படம் இருக்கும். பின்புறம் பொடி எழுத்தைப் பார்த்தால் பலவற்றில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும்தான் முன்னே நிற்கும். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முதலில் இருப்பதுதான் நீங்கள் உண்மையில் வாங்குவது. ராகியைப் பெயரிலோ படத்திலோ தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகள். ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள்கூட பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

சதவீதம் இல்லாவிட்டால், பொய்யென்று தோன்றினால் என்ன செய்வது? கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு பாக்கெட்டைக் குப்பையில் எறிவதுதான் வழக்கம். அத்தோடு புகாரும் செத்துவிடுகிறது. பாக்கெட்டை எறியாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். 14 இலக்க உரிம எண், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி தெரியும்படி இரு பக்கமும் படமெடுத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். எழுத்துப் புகார் என்றால் அதே துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு. நடவடிக்கை இல்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது பெறுங்கள். மாம்பழக் குடோன் சோதனைகளில் காட்டும் வேகத்தை அதிகாரிகள் லேபிள்களில் காட்டுவதில்லை, தூண்டினால்தான் நகர்வார்கள். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நீங்களே ஆய்வுக்குக் கொடுக்கவும் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், எழுத்தில் சொன்னால் நல்லது. குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மறுபடி சொல்கிறேன்: பாக்கெட்டும் பில்லும் போனால் இதில் எதுவும் நடக்காது.

பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்பார்கள். வாட்ஸ்அப் புகாருக்குச் செலவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவே. பாக்கெட்டை விட்டு வீட்டிலேயே ராகி சமைக்கலாமே என்றால், களி கிண்ட நேரமில்லை என்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு, வேலைக்குப் போகும் பெண்கள்மீது அந்தப் பாரத்தைச் சுமத்துவது சரியல்ல. ஆனால் ராகி என்றால் களி மட்டுமல்ல. தானியமாக வாங்கி மில்லில் அரைத்து வைத்தால், கூழும் அடையும் தோசையும் எல்லாரும் செய்யக்கூடியவை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியில் சுமார் 10. விலைதான் தடை என்றால், ரேஷன் கடை இருக்கிறது: அரிசி அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் ராகி தரும் திட்டத்தை அரசு 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் தொடங்கியது. ரேஷன் கடையில் ராகியைக் கேளுங்கள். இருப்பு இல்லை என்று கையை விரித்தால் கடை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு 1967 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.