இலை சமைக்கும் உணவு

பசித்த உயிர் இரை தேடி அலைகின்றது. எறும்பு ஊர்ந்து தேடுகின்றது. பருந்து பறந்து தேடுகின்றது. மனிதன் உழுதும் வாணிகம் செய்தும் தேடுகின்றான். மரஞ்செடி கொடிகளோ நின்ற இடத்தினின்றும் ஓரடியும் பெயர்வதில்லை. இங்ஙனம் நிலைத்து நிற்றலாலேயே அவை தாவரம் எனப் பெயர் பெற்றன. இரை தேடிச் செல்ல இயலாத மரம் எதனை உண்டு வளர்கின்றது?

மண்ணை உண்டே மரம் வளர்கின்றது என மேலைநாட்டறிஞர் நெடுங்காலம் கருதியிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வான் ஹெல்மாண்ட் என்பார் இதனை நிறுத்துப் பார்க்கத் துணிந்தார். உலர்த்திய மண் 200 இராத்தலை ஒரு தொட்டியில் இட்டு, 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, நீர் மட்டுமே வார்த்து வந்தார். ஐந்தாண்டுகள் சென்றபின் மரம் 169 இராத்தலுக்கு மேல் எடை கொண்டிருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்ஸ் அளவே குறைந்திருந்தது. ஆகவே, நீரே மரமாயிற்று என அவர் முடிவு செய்தார். அது பாதி உண்மையே. மறுபாதி காற்றில் இருந்தது.

1771ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பிரீஸ்ட்லி என்பார், மெழுகுவத்தி எரிந்து அணைந்த கண்ணாடிக் கலத்தினுள் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். பத்து நாட்களுக்குப் பின் அக்காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. ஆயினும், இச்சோதனை சில வேளைகளில் கைகூடிற்று. சில வேளைகளில் தவறிற்று. 1779ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மருத்துவர் இங்கன்ஹௌஸ் என்பார் அதன் காரணத்தைக் கண்டார். செடியின் பசுமையான உறுப்புகளே காற்றைத் திருத்துகின்றன. அவையும் ஒளியில் மட்டுமே அத்தொழிலைப் புரிகின்றன என்று அவர் நிறுவினார்.

இலையை ஓர் அடுக்களை எனலாம். வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே அதனை வந்தடைகின்றது. இலையிலுள்ள நுண்துளைகளின் வழியே கரியமிலவாயு புகுகின்றது. காற்றின் 10,000 பங்கில் அவ்வாயு ஏறத்தாழ 4 பங்கே உண்டு. அச்சிறு பங்கினின்றே காடுகள் யாவும் எழுந்தன. இவ்வடுக்களையின் நெருப்பு கதிரவன் ஒளி. அதனைப் பற்றிக் கொடுப்பது பச்சையம் என்னும் நிறப்பொருள். ஒளியின் ஆற்றலால் நீர் பிளவுறுகின்றது. அதினின்று பிரிந்த பிராணவாயு வெளியேறுகின்றது. எஞ்சிய ஹைட்ரஜன் கரியமிலவாயுவோடு கூடிச் சர்க்கரை உண்டாகின்றது. சர்க்கரையே பின்னர் மாவுப்பொருளாகவும் மரக்கட்டையாகவும் மாறுகின்றது. இந்நிகழ்ச்சியே ஒளிச்சேர்க்கை எனப்படும். மண் தரும் உப்புகள் அளவிற் சிறியவையேனும், அவையின்றிப் பயிர் செழிப்பதில்லை.

உணவாகிய ஒளி அழிந்துபோவதில்லை. இரசாயன ஆற்றலாக உருமாறி அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. விறகு எரியுங்கால் அன்று இலை பற்றிய வெயிலே அனலாக வெளிப்படுகின்றது. சோறு உண்டபின் நீவிர் ஓடுவதும், பாடுவதும், இவ்வரிகளைப் படிப்பதும் நெல்லின் இலை சேர்த்து வைத்த வெயிலாலேயே ஆம். பசுவின் பாலும் புல்லின் வழி வந்ததே.

கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் வாழ்ந்த தாவரங்கள் மண்ணுள் புதைந்து நிலக்கரியாயின. அவை நெடுங்காலம் சேர்த்து வைத்ததனை மனிதர் சில நூற்றாண்டுகளில் எரித்து வருகின்றனர். அவ்வாறு காற்றில் மிகும் கரியமிலவாயுவில் ஒரு பகுதியை மீண்டும் வாங்கிக்கொள்வதும் பச்சிலையே. மாணவர்களே! வழியிற் செல்லுங்கால் வீணே ஓர் இலையைக் கிள்ளுமுன், நாம் உண்ணும் உணவு முதற்கண் எங்கே சமைக்கப்பட்டது என்பதைச் சிறிது நினைமின்.