நிரலில் வண்ணம் எங்கிருந்து வருகிறது?



மெர்கோங்கில் நான் கற்பிக்கும் பள்ளியின் கணினி அறையில் படிவம் 3 மாணவர் ஒருவர் 20 நிமிடங்களாக ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய பைத்தான் நிரல் ஓட மறுத்தது. "சார், எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "எழுத்தை விடு, நிறத்தைப் பார்" என்றேன். வரியின் கடைசியில் இருந்த அடைப்புக்குறி கருப்பாக இருந்திருக்க வேண்டும். அது பச்சையாக இருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மேற்கோள் குறியைத் திறந்தவர் அதை மூட மறந்திருந்தார்.

பைத்தானோடு சேர்ந்து வரும் 'ஐடில்' எடிட்டரில் மேற்கோளுக்குள் இருப்பது பச்சை, கட்டளைச் சொற்கள் ஆரஞ்சு, குறிப்புரை சிவப்பு. இவை அழகுக்காகப் பூசிய நிறங்கள் அல்ல. "உன் வரியை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்" என்று எடிட்டர் நமக்குச் சொல்லும் பதில் அது. அப்படியானால் எடிட்டருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தது யார்? ஒரு புதிய மொழிக்கு நாமே அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

தமிழிலேயே ஒரு நிரல்

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஏற்ற மொழி 'எழில்'. முத்து அண்ணாமலை உருவாக்கிய இந்த நிரல்மொழியில் கட்டளைகள் எல்லாம் தமிழ்ச் சொற்கள். இதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2009-இல் வெளிவந்தது. இந்தச் சிறிய நிரலைப் பாருங்கள்:

முடிவு = 38
@( முடிவு >= 40 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "தேர்ச்சி இல்லை, மீண்டும் முயல்க"
முடி

'பதிப்பி' என்றால் திரையில் காட்டு என்று பொருள். நாம் பேசும் வரிசையிலேயே நிபந்தனை முதலிலும் 'ஆனால்' பிறகும் வருகின்றன. நிபந்தனை பொய்யானால் செய்ய வேண்டியது 'இல்லை' என்பதற்குக் கீழே இருக்கிறது. 'முடி' அந்தப் பகுதியை மூடுகிறது.

முதல் படி: சொல் பிரித்தல்

தமிழ்ப் பாடத்தில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எவை என்று கேட்டால் என்ன செய்கிறீர்கள்? முதலில் சொற்களைப் பிரிக்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறீர்கள். எடிட்டரும் அதையேதான் செய்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விதிகள் ஏறக்குறைய இவை:

1. # குறியிலிருந்து வரி முடியும் வரை குறிப்புரை.
2. ஒரு மேற்கோள் குறி முதல் அடுத்த மேற்கோள் குறி வரை உரைச்சரம்.
3. ஆனால், இல்லை, முடி, வரை, பதிப்பி போன்றவை கட்டளைச் சொற்கள்.
4. இலக்கங்கள் எண்கள்.
5. மீதியுள்ள சொற்கள் நாம் வைத்த பெயர்கள்.

எடிட்டர் நிரலை முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறது. மேற்கோள் குறியைக் கண்டதும் அது மூடப்படும் வரை மற்ற விதிகளை ஒதுக்கி வைக்கிறது. ஏன் அப்படி? மேலே உள்ள நிரலில் 'இல்லை' இரண்டு முறை வருகிறது. தனி வரியில் நிற்பது கட்டளை. மேற்கோளுக்குள் இருப்பது திரையில் காட்ட வேண்டிய வெறும் சொல். மேற்கோள் விதியை மறந்துவிட்டுச் சொற்பட்டியலை மட்டும் கொடுத்தால், எடிட்டர் இரண்டையும் கட்டளை என்று நினைத்து ஒரே நிறம் பூசிவிடும்.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல்

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இத்தகைய விதிகளை எழுதப் பைத்தானில் ஒரு தேடல் நூலகம் உண்டு. 'முழுச் சொல்லாக வந்தால் மட்டும் பிடி' என்று அதனிடம் சொல்லலாம். எழுத்தோ எண்ணோ தொடர்ந்து வரும் வரை அது ஒரே சொல் என்பது அதன் கணக்கு.

ஆனால் யூனிகோடில் 'முடி' என்பது இரண்டு எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ம, உகரக் குறி, ட, இகரக் குறி என நான்கு துண்டுகளாக இருக்கிறது. அந்த நூலகம் ம, ட இரண்டையும் எழுத்து என்று ஒப்புக்கொள்கிறது. உகரக் குறி, இகரக் குறி, மெய்யெழுத்தின் புள்ளி ஆகியவற்றை எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே உயிர்மெய்க் குறியோ புள்ளியோ வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று நினைக்கிறது. 'வணக்கம்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'வணக', 'கம' என்று இரண்டாக உடைத்துத் தருகிறது!

இதனால் வருவது தலைகீழான தவறு. நிரலின் கடைசியில் தனியாக நிற்கும் 'முடி' என்ற கட்டளை நிறம் பெறாது. நாம் வைத்த 'முடிவு' என்ற பெயரிலோ, முதல் பாதி மட்டும் கட்டளையின் நிறம் பெறும்.

இத்தனைக்கும் பைத்தான் மொழி, 2008-இல் வந்த அதன் 3-ஆம் பதிப்பிலிருந்தே, தமிழ்ச் சொற்களைப் பெயர்களாக ஏற்றுக்கொள்கிறது. மொழி சரியாகப் படிக்கிறது. நாம் அவசரத்தில் எழுதிய வண்ண விதிதான் தவறாகப் படிக்கிறது.

இதைத் தீர்ப்பது கடினம் அல்ல. யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எழுத்துகளும் குறிகளும் புள்ளியும் அதற்குள்தான் இருக்கின்றன. 'இந்த 128 இடங்களில் உள்ளவை இடைவெளி இல்லாமல் தொடரும் வரை ஒரே சொல்' என்று விதியை மாற்றுங்கள். முழுச் சொல்லையும் எடுத்த பிறகு அது கட்டளைப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். 'முடி' பட்டியலில் உண்டு, 'முடிவு' இல்லை. சிக்கல் தீர்ந்தது.

இரண்டாம் படி: வாக்கியத்தைப் பகுத்தல்

சொல் பிரித்தால் மட்டும் போதுமா? ஓர் 'ஆனால்' பகுதிக்குள் இன்னோர் 'ஆனால்' வந்தால் இரண்டு 'முடி' வரும். எந்த 'முடி' எதை மூடுகிறது? தனிச் சொல்லை மட்டும் பார்க்கும் விதிக்கு இது தெரியாது. அதற்கு முழு நிரலையும் ஒரு மரமாக வரைய வேண்டும். நிரல் அடிமரம், 'ஆனால்' பகுதி ஒரு கிளை, உள்ளே இருப்பது அதன் கிளை. இதுவே தொடரியல் பகுப்பு.

மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய 'ட்ரீ-சிட்டர்' இந்த வேலையைச் செய்யும் கருவி. 2018-இல் ஆட்டம் என்ற எடிட்டர் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2023-இல் ஈமாக்ஸ் எடிட்டரின் 29-ஆம் பதிப்பும் இதைச் சேர்த்துக்கொண்டது. இதற்கு இரண்டு திறமைகள் உண்டு. நீங்கள் ஓர் எழுத்தை மாற்றினால் மரம் முழுவதையும் மறுபடி வரையாது. மாறிய கிளையை மட்டும் திருத்தும். பாதி எழுதிய வரியில் பிழை இருந்தாலும், மீதி மரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நாம் தட்டச்சு செய்யும்போது நிரல் பெரும்பாலும் அரைகுறையாகத்தானே இருக்கிறது?

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டுக் கணினியில் நோட்பேட்++ இருந்தால், 'மொழி' பட்டியலில் சொந்த மொழியை வரையறுக்கும் வசதி உண்டு. எழில் மொழியின் கட்டளைச் சொற்கள், குறிப்புரைக் குறி, மேற்கோள் குறி ஆகியவற்றை அங்கே கொடுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய, நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உதவும். பிறகு மேலே உள்ள ஆறு வரிகளையும் எழுதி இவற்றைச் சோதியுங்கள்: மேற்கோளுக்குள் உள்ள 'இல்லை' உரையின் நிறத்தில் இருக்கிறதா? 'முடிவு' ஒரே நிறத்தில் இருக்கிறதா? கடைசி 'முடி' கட்டளையின் நிறத்தில் இருக்கிறதா?

இன்னும் இரண்டு குறிப்புகள். பள்ளியில் பைத்தான் எழுதும்போது நிறமே வரவில்லை என்றால், கோப்பைச் சேமித்தீர்களா என்று பாருங்கள். பல எடிட்டர்கள் கோப்பின் பெயரில் கடைசியாக வரும் எழுத்துகளைக் கொண்டுதான் அது எந்த மொழி என்று அறிகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படும் நண்பர் யாராவது இருந்தால், அமைப்புப் பகுதியில் அவருக்கு ஏற்ற நிறங்களை மாற்றிக் கொடுங்கள்.

கணினி இல்லாதவர்கள் நான்கு வண்ணப் பேனாக்களை எடுத்து இதே நிரலைத் தாளில் எழுதி நிறம் தீட்டுங்கள். எங்கே தயங்கி நிற்கிறீர்களோ, அங்கே எடிட்டருக்கும் ஒரு விதி தேவைப்படுகிறது. தமிழ் இலக்கணப் பாடம் கணினிக்கு உதவாது என்று இனி யாரேனும் சொன்னால், 'முடி'யும் 'முடிவு'ம் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.