பாட்டில் பதிந்த பெயர்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகார பஜனைகளில் ஜயதேவரின் அஷ்டபதியும் புரந்தரதாசரின் பதங்களும் பாடப்படுவதை நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். பாட்டு முடியுந் தறுவாயில் இயற்றியவரின் முத்திரை காதில் விழும். தமிழில் இவ்வழக்கு மிகப் பழமையானது. 7-ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாடலில் தம் பெயரை அமைத்தார். பாடுவோர் தலைமுறைதோறும் மாறினும், பாட்டோடு பெயரும் வாழ்ந்தது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. இடைக்காலத் தேவாலய கீதங்களை ஆக்கியோருட் பெரும்பாலார் பெயர் தெரியாதவர். 14-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் மஷோ தம் படைப்புகளைத் தொகுத்து ஏடுகளில் எழுதுவித்தார். 1501-இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி பல்குரலிசையை அச்சேற்றினார். மறு ஆண்டிலேயே ஜோஸ்கின் என்னும் ஒருவரின் ஆக்கங்கள் மட்டும் அடங்கிய நூலை வெளியிட்டார். அங்கே ஏடும் அச்சும் இசையாசிரியருக்குப் பெயரும் மதிப்பும் தந்தன.

முத்திரையும் ஏடும் வாய்க்காதவர் கதி யாது? மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நம் தாய்மார் கட்டிய தாலாட்டுகளுக்குப் பெயர் சொல்வார் இல்லை. ஆதலின், வெளிமாநிலங்களில் வாழும் நாம், வீட்டுப் பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டெழுதும்போது, அதைக் கட்டியவர் பெயரையும் கேட்டெழுதுவோமாக.