‘குழுவினர்’ என்று மட்டும் அச்சான பெண்கள்

எங்கள் தோவாளையில் பூவுக்கும் வில்லுக்கும் சீசன் ஒன்றுதான். பங்குனி, சித்திரையில் நாஞ்சில் நாட்டு அம்மன் கோயில்களில் கொடைத் திருவிழா தொடங்கிவிட்டால், விடியுமுன்பே பிச்சியும் அரளியும் கொழுந்தும் மூட்டை மூட்டையாகச் சந்தையில் வந்து இறங்கும். பகலெல்லாம் மாலை கட்டுவேன். கொடைக்கு அச்சாரம் வாங்கிய நாட்களில் கட்டின கையோடு வில்லுக்குக் கிளம்பிவிடுவேன். ஜால்ராவும் பின்பாட்டுமாக ஒரு பெண் வில் குழுவில் வெகுகாலம் இருந்தவள் நான்.

வில்லுப்பாட்டு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோ சுப்பு ஆறுமுகமோதான் நினைவுக்கு வருவார்கள். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மகள் பாரதி திருமகனும் பெயர் பெற்ற வில்லிசைக் கலைஞர். எங்கள் ஊரில் கேட்டால் முதலில் தோவாளை சுந்தரம் பிள்ளையைச் சொல்வார்கள். இவர்களால் வில்லுக்கு மேடையில் மரியாதை கிடைத்தது. ஆனால் கோயில் வில் வேறு. அங்கே பாட்டைக் கேட்டுச் சாமி வர வேண்டும்.

ஆள் உயரத்தை மிஞ்சிய வில், அதில் வரிசையாகக் கட்டிய மணிகள், வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம். நடுவில் அண்ணாவி வீசுகோலோடு உட்கார்ந்து கதையை நடத்துவார். வலப்பக்கம் இருப்பவர்கள் வலம்பாடி, இடப்பக்கம் இடம்பாடி. உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் அவர்கள் கையில். மத்தியானக் கொடைக்கு ஒரு தீபாராதனை, நள்ளிரவில் சாமக் கொடைக்கு ஒரு தீபாராதனை. தட்டில் சூடம் ஏற்றும் நேரமும், கதையில் தெய்வம் உயிர்விடும் இடமும் ஒன்றாகச் சேர வேண்டும். படையல் தயாராகவில்லை என்றால் அண்ணாவி கண்ணைக் காட்டுவார். உடனே நாங்கள் தாலாட்டையோ வளைகாப்பையோ எடுத்து நீட்டுவோம். எல்லாம் தயார் என்றதும் குடத்தின் அடி மாறும், உடுக்கு முடுகும், சாமியாடி எழுந்து நிற்பார். இந்த நேரக் கணக்கை ஏட்டில் படித்துக் கற்க முடியாது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

பாடுகிற கதைகளைப் பாருங்கள். பாதிக்குப் பாதி பெண்கள் கொலையுண்ட கதை. எங்களுக்குப் பக்கத்தில் முப்பந்தலில் இருக்கிறாள் இசக்கி. நம்பி என்பவன் மடியில் தலைவைத்து உறங்கியவளை, அவனே நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொன்றதையும், அதற்குக் கள்ளிச்செடி சாட்சியாக நின்றதையும் பாடுவோம். நிறைசூலியான பொன்னிறத்தாளைப் புதையலுக்காகத் திருடர்கள் பலிகொடுத்ததைப் பாடுவோம். செத்த பெண் தெய்வமாகத் திரும்பி வந்து, தனக்கு என்ன நடந்தது என்று ஊர் கூடிக் கேட்க வேண்டும் என்கிறாள். அதைப் பெண் குரலில் பாடும்போது பந்தலில் பெண்கள் பக்கம் எழுகிற விம்மல் இருக்கிறதே, அதை நான் வேறெந்தப் பாட்டிலும் கேட்டதில்லை. ஆண் அண்ணாவிகள் பெரிய வித்துவான்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதைகள் பெண் வாய்க்கே உரியவை என்பது என் எண்ணம்.

நான் ஆறு மாதம் முழுகாமல் இருந்தபோது ஒரு கொடையில் பொன்னிறத்தாள் கதை வந்தது. கர்ப்பிணிகள் அதைக் கேட்கவே கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பந்தலில் இருந்த ஒன்றிரண்டு பெண்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை யார் அனுப்ப? அச்சாரம் வாங்கியாகிவிட்டது, மாற்று ஆளும் இல்லை. எங்கள் அண்ணாவி அக்கா வீசுகோலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். “நீ தாளத்தை மட்டும் போடு மக்களே, பலி வர்ற எடத்துல வாயத் தொறக்காதே. நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். என் வரிகளையும் சேர்த்து அவளே பாடினாள். கதை முடிந்ததும் மஞ்சணையை எடுத்து என் நெற்றியிலும் வயிற்றிலும் பூசிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள்.

வில்லுக்குப் போகும் பெண்களின் கஷ்டங்களில் பெரியது தீட்டு. கொடை நாளைக் கோயிலில் மாதக்கணக்கில் முன்னாலேயே குறித்துவிடுவார்கள். அன்றைக்குத் தூரமாகிவிட்டால் வில்லின் முன் உட்கார முடியாது. அதனால் நாள் தள்ளிப்போக மாத்திரை விழுங்கிவிட்டுப் பாடிய பெண்கள் எங்களில் ஏராளம். கொடை மாதங்களில் அடுத்தடுத்து விழுங்க வேண்டிவரும். உடம்புக்கு அது என்ன செய்யும் என்று கேட்டுச் சொல்ல யாரும் இருந்ததில்லை. இதோடு, விடிய விடியப் பாடுகிறவளுக்குச் சேலை மாற்றவும் ஒதுங்கவும் ஒரு மறைவிடம் வேண்டும். பல கோயில்களில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது. குடித்துவிட்டு முன்வரிசையில் வந்து சினிமாப்பாட்டுக் கேட்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து, “எலே, அம்மன் கதை நடக்குது, எந்திரிச்சுப் போ” என்று விரட்டியதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொட்டாரம் பூங்கனியம்மாவைச் சொல்லாமல் பெண் வில்லைப் பற்றி எழுத முடியாது. சிறுமியாக இருந்தபோதே வில்லடிக்க வந்தவர். கணவர் குடம் அடிப்பவர். எங்கள் மாவட்டத்துக் கொடைகளில் பல பத்தாண்டுகள் பாடி, கூட்டத்தைக் கட்டிவைத்தவர். கடைசிக் காலத்தில் சின்னஞ்சிறு வீட்டில் தனியாக, வறுமையில் இருந்தார். சிங்கப்பூரில் பிறந்த ராப் பாடகி லேடி காஷ் அவரைத் தேடி வந்து தன் பாட்டில் பாடவைத்தார். அதற்குப் பிறகுதான் வெளியுலகத்துக்கு அவர் முகம் தெரிந்தது. 2018 நவம்பரில், எண்பது வயதைக் கடந்து காலமானார். முழு இரவுக் கதைகள் எத்தனையோ அவர் நெஞ்சில் இருந்தன. அவர் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களில் நாஞ்சில் நாட்டில் தங்கி வில்லை ஆராய்ந்து, 1988இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நம்மூர் அ.கா.பெருமாள் கதைப்பாடல்கள் பலவற்றைத் தேடிப் பிடித்து அச்சேற்றினார். அந்த உழைப்பால் கதைகள் பிழைத்தன. பாடிய பெண்களின் குரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. கொடை நோட்டீஸ்களில் அண்ணாவியாகப் பெண் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது. இளம்பெண்கள் பாடும் வில்லை யூடியூபில் ஊர் ஊராகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே இன்றும் ‘குழுவினர்’ என்ற ஒற்றைச் சொல்தான். அதனால் என்ன என்று கேட்பீர்கள். நலிந்த கலைஞர்களுக்கு அரசு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியமும் இருக்கிறது. அங்கே போய் நின்றால், கலைஞர் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அண்ணாவிக்கு நோட்டீஸ் இருக்கிறது. ஆயுள் முழுக்க இடப்பக்கம் உட்கார்ந்து பாடிய பெண்ணுக்கு என்ன இருக்கிறது? என் பெயர் அச்சான நோட்டீஸ் ஒன்றுகூட என் பெட்டியில் இல்லை. 2025இல் தோவாளை மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாலை கட்டும் நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். அதே கைகள் போட்ட தாளத்துக்கு ஒரு வரி அச்சு இல்லை என்ற வருத்தம் எனக்கு அன்றைக்கும் இருந்தது.

ஒரு கோயில் கமிட்டிக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். “நோட்டீஸ்ல எடம் பத்தாதுக்கா” என்றார். ஐந்நூறு ரூபாய் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் வீட்டுப் பேரோடு அதே நோட்டீஸில் இரண்டு பத்தி நிறைய இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த கொடைக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறார்.

மற்ற ஊர்க் கமிட்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன். அச்சகத்துக்குப் போகுமுன் அண்ணாவியிடம் எல்லாப் பெயரையும் கேட்டு வாங்குங்கள். குடம் யார், உடுக்கு யார், ஜால்ரா யார், பின்பாட்டு யார் என்று தனித்தனியாகப் போடுங்கள். கொடை முடிந்து சம்பளம் கொடுக்கும்போது நோட்டீஸில் ஆளுக்கொன்று சேர்த்துக் கொடுங்கள்.