2 எங்கே, 62 எங்கே?

மிச்சிகனில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே ஜன்னலோரம் சின்ன ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறோம். காசு கிடையாது. ஃபாக்ஸ் 2-ல் வருகிறது, ஏபிசி 7-ல் வருகிறது. சிபிஎஸ் மட்டும் ஏன் 62-ல் கிடக்கிறது? அதைவிட வேடிக்கை, அந்த 62 பளிச்சென்று தெரிகிறது, 2-தான் அடிக்கடி உறைந்துபோய் நிற்கிறது."

கேள்வியில் பாதி அமெரிக்கக் கால்பந்து, பாதி இயற்பியல். கால்பந்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் சிபிஎஸ், ஏபிசி போன்ற வலையமைப்புகள் நிகழ்ச்சிகளைத் தருகின்றன. ஊரில் கோபுரம் வைத்து ஒளிபரப்பும் நிலையங்களில் பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. இருவரையும் கட்டிவைப்பது ஒப்பந்தம். டெட்ராய்ட்டில் 1948-ல் தொடங்கிய டபிள்யூஜேபிகே, அதாவது 2-ஆம் சானல், முதல் நாளிலிருந்தே சிபிஎஸ் பக்கம். 1993 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் ஆட்டங்களில் ஒரு பகுதியின் ஒளிபரப்பு உரிமையை, நான்கு ஆண்டுக்கு 158 கோடி டாலர் என்று ஃபாக்ஸ் சிபிஎஸ்ஸிடமிருந்து தட்டிப் பறித்தது. அடுத்த மே மாதமே நியூ வேர்ல்டு என்ற நிறுவனத்தில் 50 கோடி டாலர் போட்டு, அதன் 12 நிலையங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதில் 2-ஆம் சானலும் போனது. சிபிஎஸ் மற்ற நிலையங்களின் கதவைத் தட்டிப் பார்த்தது. 7-ஆம் சானல் ஏபிசியை விட்டு நகரவில்லை. கடைசியில் 2.4 கோடி டாலருக்கு 62-ஐ விலைபேசி, 1994 டிசம்பர் 11 அன்று அங்கே குடிபோனது. வந்தவர் கதை இப்படி. இருந்தவர் கதை இன்னும் கனமானது. 62, அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் தொலைக்காட்சி நிலையம். வில்லியம் பேங்க்ஸ் தலைமையிலான மேசன் அமைப்பு 1975 செப்டம்பர் 29 அன்று அதைத் தொடங்கியது. விற்பனைக்குப் பிறகு அதன் டபிள்யூஜிபிஆர் என்ற பெயரும் போய், டபிள்யூடபிள்யூஜே ஆனது. அந்தப் பெயரோ 1978 வரை 4-ஆம் சானல் வைத்திருந்தது!

இந்தப் பேரங்களை ஊடகப் புரட்சி என்று எழுதுபவர்கள் எழுதட்டும். 2-ஐ இழந்து 62-க்குப் போனதில் உண்மையான இழப்பு என்ன என்பதை ஆன்டெனாவைக் கேட்டால்தான் தெரியும்.

2-ஆம் சானலின் இடம் 54 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் 5 மீட்டருக்குச் சற்று மேல். 62-க்கு 758 முதல் 764. அலைநீளம் 39 சென்டிமீட்டர். "அதிர்வெண் கூடினால் அலை காற்றிலேயே கரைந்துவிடும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த அதிர்வெண்களில் காற்று கிட்டத்தட்ட ஒன்றையுமே விழுங்குவதில்லை. விஷயம் வாங்குகிற இடத்தில் இருக்கிறது. அரை அலைநீளக் கம்பிதான் எளிய ஆன்டெனா. 2-க்கு அது 2.6 மீட்டர், 62-க்கு வெறும் 20 சென்டிமீட்டர். முதல் கம்பி தன்னைச் சுற்றியுள்ள 3.6 சதுர மீட்டர் பரப்பின் ஆற்றலை அள்ளுகிறது. இரண்டாவது 200 சதுர சென்டிமீட்டரோடு சரி. 178 மடங்கு வித்தியாசம்.

மழை எல்லா முற்றத்திலும் ஒரே மாதிரிதான் பெய்கிறது. 2-ஆம் சானல்காரர் அண்டா வைத்திருக்கிறார், 62-காரர் கிண்ணம். அலைவரிசைகளை ஒதுக்கும் அரசு ஒழுங்காணையம் கிண்ணத்துக்கு இரங்கி, 62-க்கு 50 லட்சம் வாட் வரை அனுமதித்தது. 2-க்கு உச்சவரம்பு 1 லட்சம்தான். அதாவது கிண்ணத்தின் மேல் மட்டும் 50 மடங்கு மழை. அப்போதும் அண்டாவை எட்டாது. சரி, பல கிண்ணங்களை வரிசையாக அடுக்கலாம். பின்னால் தகரம் வைத்துச் சாரலையும் திருப்பிவிடலாம். மாடி ஆன்டெனாக்களில் குட்டிக் கம்பிகள் வரிசை கட்டி நிற்பது இதற்காகத்தான். ஆனால் மாடியிலிருந்து கூடத்துக்கு வரும் குழாயிலும், அதாவது கேபிளிலும், கிண்ணத்துத் தண்ணீரே அதிகம் ஒழுகும். மின்கட்டணம் கட்டும் நிலையத்துக்கு 62 ஏன் கசந்தது என்று புரியும்.

இனித்தான் கதை தலைகீழாகிறது. 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் முழுக்க டிஜிட்டலுக்கு மாறின. மின்னல், மிக்ஸி மோட்டார், மின்கம்பத்துப் பொறி, மட்டரக எல்இடி பல்பு எல்லாமே ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. அந்த இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் மிகுதி. அண்டாவின் வாய் அகலம் அல்லவா, சருகும் தூசியும் அதில்தான் நிறைய விழும். அனலாக் காலத்தில் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். தூசியை ஊதிவிட்டுக் குடித்துக்கொண்டோம். டிஜிட்டல் அப்படியல்ல. பிழை ஓர் அளவுக்குள் இருந்தால் சுத்தமான தண்ணீர், தாண்டினால் ஒரு சொட்டும் இல்லை. பக்கத்து அறையில் மிக்ஸி ஓடினால் படம் உறையலாம். போதாக்குறைக்கு, வீட்டுக்குள் அண்டா வைக்க இன்று யாருக்கும் இடமில்லை. ஜன்னலில் 30 சென்டிமீட்டர் அட்டை ஆன்டெனாவை ஒட்டுகிறார்கள். அது கிண்ணத்துக்கு அளவெடுத்துச் செய்தது.

ஆகவே அரை நூற்றாண்டுக்கு மேல் பொன்னாகக் கருதிய 2-ஆம் இடத்தை டபிள்யூஜேபிகே கைவிட்டு, 7-ஆம் இடத்துக்குப் போனது. போட்டியாளரான ஏபிசி நிலையம் காலிசெய்த அதே இடம்! திரையில் 2 என்று தெரிவதற்குக் காரணம், சிக்னலோடு வரும் ஓர் அட்டவணை. "நான் எந்த அலைவரிசையில் வந்தாலும் 2 என்றே காட்டு" என்று அது பெட்டிக்குச் சொல்கிறது. சிபிஎஸ்ஸும் திரையில்தான் 62. உண்மையில் யூஎச்எஃப் எனப்படும் உயர்ந்த அதிர்வெண் பகுதியில் வேறோர் எண்ணில், சிறு ஆன்டெனாவுக்கு வாகாக உட்கார்ந்திருக்கிறது.

வாசகரின் சிக்கல் இதுதான். அவருடைய ஆன்டெனா யூஎச்எஃப்புக்கானது; அவர் பார்க்கும் 2, அதைவிடத் தாழ்ந்த வீஎச்எஃப் பகுதியில் 174 முதல் 180 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. இழுத்து நீட்டும் இரட்டைக் கம்பி ஆன்டெனா ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு கம்பியையும் சுமார் 40 சென்டிமீட்டர் நீட்டி, ஃபாக்ஸ் நிலையம் இருக்கும் சவுத்ஃபீல்டு திசைக்குக் குறுக்காக வையுங்கள். எல்இடி பல்புக்குப் பக்கத்தில் வேண்டாம். "4கே ஆன்டெனா" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். படம் 4கே-யா இல்லையா என்பது கம்பிக்குத் தெரியாது. "150 மைல் எட்டும்" என்பது அதைவிடப் பெரிய புளுகு. 300 மீட்டர் கோபுரத்துக்கே பூமியின் வளைவு சுமார் 70 கிலோமீட்டரில் திரை போட்டுவிடும். அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி என்று இப்போது விளம்பரம் செய்யும் புதிய தரம் வந்தாலும் அரை அலைநீளம் அதே அரை அலைநீளம்தான்.

சிபிஎஸ் வேண்டாவெறுப்பாக வாங்கிய பழைய 62-ஆம் அலைவரிசையில் இன்று தொலைக்காட்சியே இல்லை. 52 முதல் 69 வரையிலான சானல்களின் இடத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. 758 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அந்தத் துண்டில், தீயணைப்பு வீரர்களுக்கும் காவலர்களுக்குமான ஃபர்ஸ்ட்நெட் கைபேசி வலையமைப்பு இயங்குகிறது.