செல்ஃப் எடுக்காத டிராக்டர்... சும்மா நிற்கும் சீல்டு பேட்டரிக்கு எந்த சார்ஜர் சரி? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் மயிலாடுதுறை பக்கம் பல டிராக்டர்கள் கொட்டகைக்குள் போய்விடும். வழக்கமான தேதியான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, காவிரி தண்ணீர் கடைமடைக்கு வரும்போதுதான் பலருக்கு வண்டி ஞாபகமே வரும். உழவுக்கு ஆள் காத்திருக்க, சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி இறங்கிப் போச்சு!

டிராக்டருக்கு மட்டும் இல்லை இந்தப் பிரச்னை. சிங்கப்பூர், துபாய் என்று போனவர்கள் வீட்டில் விட்டுச்சென்ற கார், பைக்குக்கும் இதே கதிதான். ஜெனரேட்டர் என்றால் இன்னும் சிக்கல். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாளில் ஜெனரேட்டர் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், அது இருந்தும் பயன் இல்லை.

சும்மா இருந்தால் பேட்டரி ஏன் இறங்குது?

இரண்டு காரணங்கள். முதலாவது, எதிலும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே இறங்கும். நல்ல சீல்டு பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு சுமார் 3 சதவீதம் இழக்கும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்த வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, வண்டியே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கடிகாரம், அலாரம், ஜி.பி.எஸ். எல்லாம் வண்டி நின்றாலும் வேலை செய்யும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மாதத்துக்கு சுமார் 21 ஆம்பியர்-ஹவர் காலி. 35 ஆம்பியர்-ஹவர் கார் பேட்டரியில் அது பாதிக்கும் மேல்!

இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எந்த சார்ஜர் போட்டாலும் பேட்டரி பழைய நிலைக்கு வராது.

பழைய சார்ஜரையே மாட்டி வைத்தால் என்ன?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பேட்டரி இறங்கக் கூடாது என்று சாதாரண சார்ஜரை மாட்டி, நாள்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நிறைந்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் நீர் வாயுவாகி வெளியேறும். பழைய மாடல் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். சீல்டு பேட்டரியில் அதற்கு வழியே இல்லை. காய்ந்தது காய்ந்ததுதான். சூடு ஏறினால் பக்கவாட்டில் உப்பியும் போகும்.

அதாவது, கவனிக்காமல் விட்டாலும் கெடும். அதிகமாக சார்ஜ் செய்தாலும் கெடும். நிறைந்ததும் தானாகவே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர்தான் தேவை.

சார்ஜர் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

1. ஃப்ளோட் வசதி: 12 வோல்ட் சீல்டு பேட்டரிக்கு சார்ஜ் ஆகும்போது 14.4 முதல் 14.7 வோல்ட் வரை போகலாம். நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8-க்குள் இறங்கி நிற்க வேண்டும். யு.பி.எஸ். வகை பேட்டரிகளின் மேலேயே 'ஸ்டாண்ட்பை யூஸ்' என்று இந்த அளவு அச்சிட்டிருக்கும். அதுதான் பராமரிப்புக்கான அளவு. பக்கத்தில் உள்ள 'சைக்கிள் யூஸ்' அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

2. வெப்பத்துக்கு ஏற்ற மாற்றம்: மேலே சொன்ன அளவு 25 டிகிரிக்கானது. 35 டிகிரியில் சுமார் 0.2 வோல்ட் குறைவாக இருப்பது நல்லது. டெம்பரேச்சர் சென்சார் உள்ள சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

3. கரண்ட் போய் வந்தால்? சில சார்ஜர்களில் மின்சாரம் போய்த் திரும்பினால் மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு அது ஒத்துவராது. தானாகவே மீண்டும் தொடங்கும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

4. பேட்டரி வகை: ஏ.ஜி.எம். என்று போட்டிருந்தால் சார்ஜரிலும் அந்த மோடு இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு சார்ஜரே வேறு. 'ஈக்வலைஸ்' மோடு சீல்டு பேட்டரிக்கு வேண்டவே வேண்டாம்.

5. வோல்ட்: பெரிய ஜெனரேட்டர்கள் சிலவற்றில் இரண்டு பேட்டரிகளை இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அதற்கு 12 வோல்ட் சார்ஜர் பொருந்தாது.

எத்தனை ஆம்பியர்?

கடைக்காரர் பெரிய சார்ஜரைக் காட்டினால் உடனே மயங்க வேண்டாம். நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்க, டிராக்டருக்குக்கூட 1 ஆம்பியர் போதும். இறங்கிய பேட்டரியை ஏற்றவும் அதே சார்ஜர் வேண்டும் என்றால், ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. 35 ஆம்பியர்-ஹவர் காருக்கு 3 முதல் 4 ஆம்பியர், 80 ஆம்பியர்-ஹவர் டிராக்டருக்கு சுமார் 8 ஆம்பியர். பைக்கின் சின்ன பேட்டரிக்கு அரை ஆம்பியரே தாராளம்.

வீட்டில் இருக்கும் சார்ஜர் சரியா? இப்படிப் பாருங்க

பேட்டரி நிறைந்து ஒரு நாள் ஆன பிறகு, சார்ஜர் ஓடும்போதே டெர்மினலில் மல்டிமீட்டர் வையுங்கள். 13.5 வாக்கில் காட்டினால் நிம்மதி. இன்னும் 14.5 காட்டினால் அது தொடர்ந்து மாட்டி வைக்கும் சார்ஜர் இல்லை.

சார்ஜர் வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது?

* முழுசாக சார்ஜ் செய்து, மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். கசிவு நின்றுவிடும்.
* முடிந்தால் பேட்டரியை நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்ற பயம் இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிகளுக்குத் தேவையில்லை.
* மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7-க்கு மேல் என்றால் நிறைவு. 12.4-க்கு வந்துவிட்டால் உடனே சார்ஜ் செய்யுங்கள்.
* மேலே தெரியும் பச்சைக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆறு செல்களில் ஒன்றின் நிலையை மட்டுமே காட்டும்.

இதை மறக்காதீங்க!

முதலில் சிவப்பு வயரை பிளஸ்ஸில், அடுத்து கறுப்பு வயரை மைனஸில் மாட்டி, கடைசியாக ஸ்விட்ச் போடுங்கள். கழற்றும்போது முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும். மூடிய அறையிலோ, நெருப்பு, பீடி, சிகரெட் பக்கத்திலோ சார்ஜ் போடக் கூடாது. உப்பிய, விரிசல் விட்ட பேட்டரியை சார்ஜ் செய்யவே கூடாது. அதைக் குப்பையில் போடாமல் பேட்டரி கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும்.

இன்றைக்கே கொட்டகைப் பக்கம் போய் ஒருமுறை வோல்டேஜ் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் வந்த பிறகு பார்த்தால், உழவு நாள் பேட்டரி கடையில்தான் கழியும்.