பளபளப்பைத் தின்னும் துண்டு

திருப்பதி, சித்தூர் சாலைகளில் பறப்பது கல்லின் தூசி. காருக்கு மெழுகு பூச உட்காருபவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் கையில் இருக்கும் துணியைத்தான்.

அலிபிரி சோதனைச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும் கார்களை மாலை வெயிலில் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கறுப்பு, அடர்நீலம், மெரூன் நிறக் கார்களின் பானெட்டில் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய வட்டக் கோடுகள். எந்த விபத்திலும் வந்தவை அல்ல. பெரும்பாலும் அக்கறையோடு துடைத்த கைகள் போட்டவை. தினமும் காலையில் தோள் துண்டை எடுத்து நாலு தட்டு தட்டும் டிரைவர், மாதம் ஒரு முறை வேக்ஸ் டப்பாவைத் திறக்கும் சொந்தக்காரர், பார்க்கிங்கில் கேட்காமலே துடைத்துவிட்டுக் காசுக்கு நிற்கும் சிறுவன் - மூவருக்கும் இதில் பங்கு உண்டு.

இந்தக் கோடுகள் நிஜத்தில் வட்டமானவை அல்ல என்பது வேடிக்கை. துடைத்த திசைக்கெல்லாம் ஓடும் ஆயிரக்கணக்கான கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அதனால்தான் சூரியனையோ தெருவிளக்கையோ சுற்றி வலை பின்னியதுபோலத் தோற்றம். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மற்ற ஊர்களில் இது அழகுப் பிரச்சினை. திருப்பதியில் பிழைப்பும் கூட. ரயில் நிலையத்திலிருந்தும் ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்தும் மலைக்கும், அங்கிருந்து காளஹஸ்தி, காணிப்பாக்கம், திருச்சானூர் என்றும் ஓடும் வாடகைக் கார்களுக்குப் பளபளப்பே விளம்பரம். கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு, அதை விற்கும் நாளில் பெயின்ட்டின் நிலைமைதான் விலை பேசும்.

மலையே குவார்ட்ஸ்

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944ல் திறக்கப்பட்டது. இரண்டாவது பாதை 1974ல். இப்போது ஏறுவது இரண்டாவது பாதையில், இறங்குவது முதல் பாதையில். இந்த மலைச்சரிவில் உலகப் புவியியலாளர்கள் தேடி வந்து பார்க்கும் ஓர் இடம் இருக்கிறது. கீழே பழைய கிரானைட் பாறை. அதன் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி. இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

பக்தர்களுக்கு இது ஏழுமலையானின் மலை. பெயின்ட்டுக்கு இது வேறு சங்கதி. மணற்கல் இறுகி உருவானதே குவார்ட்சைட். அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கும் பேனாக்கத்திக்கும் சுமார் ஐந்தரைதான். கீழே இருக்கும் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் உண்டு. மேற்கே குப்பம் வட்டாரம் கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போனது. எல்லா ஊர்த் தெருத் தூசியிலும் குவார்ட்ஸ் துகள் இருக்கும். ஆனால் இங்கே மலையும் அதுதான், மலையடிவாரமும் அதுதான்.

சென்னையிலிருந்து திருத்தணி வழியாக வருபவர்கள் நகரியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கடலிலிருந்தே மாலுமிகளுக்கு அடையாளம் காட்டிய 'நகரி மூக்கு' மலை இங்குதான். இந்தப் பகுதியின் பாறைக்கும் புவியியல் நூல்களில் நகரி குவார்ட்சைட் என்றே பெயர். அதே நகரியும் புத்தூரும் ஏகாம்பரகுப்பமும் விசைத்தறி ஊர்கள். கீறுகிற கல்லும் துடைக்கிற துணியும் ஒரே ஊர்ப் பெயரில் கிடைப்பது இங்கே மட்டும்தான் இருக்கும்.

முடியை விட மெல்லிசு

இன்றைய காரில் பெயின்ட் என்பது ஒன்றல்ல, நாலு அடுக்கு. தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 120 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் கனம் சராசரியாக 70 மைக்ரான். பளபளப்பும், வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் வேலையும் இந்த முடியை விட மெல்லிய அடுக்கைச் சேர்ந்தவை. அது ஒரு வகைப் பிளாஸ்டிக். குவார்ட்ஸ் துகளோடு மோதினால் தோற்பது எது என்று சொல்லத் தேவையில்லை.

அம்பாசிடர் காலத்தில் நிலைமை வேறு. நிறமே மேல் அடுக்கு. துடைத்தால் துணியில் காரின் நிறம் ஒட்டும். மங்கினால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் அடியிலிருந்து புது நிறம் வரும். 2014ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனால் அழுத்தித் தேய்த்தால்தான் பளபளக்கும் என்ற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. இன்றைய காரில் அப்படித் தேய்ப்பவர் கரைப்பது கிளியர் கோட்டை. கரைந்தது திரும்பி வராது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. பாலீஷ் வேறு, மெழுகு வேறு. பாலீஷில் நுண்ணிய அராவும் பொடி இருக்கும். கீறலைச் சுற்றியுள்ள பெயின்ட்டைச் சீவிச் சமன்செய்வது அதன் வேலை. மெழுகு எதையும் சீவுவதில்லை. பள்ளத்தை நிரப்பி, மேலே ஒரு படலமாகத் தங்குகிறது. சில வாரங்களில் அது கரைந்ததும் பழைய கீறல் பல்லிளிக்கும்.

எந்தத் துணி?

மெழுகு வேலையில் பெயின்ட்டின் மேல் கை அதிகம் அழுந்துவது கடைசிக் கட்டத்தில், காய்ந்த மெழுகைத் துடைத்து எடுக்கும்போது. அந்த நேரத்தில் துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் ஒரு துகள் சிக்கினாலும் அது உளியாகிவிடும். ஆகவே நல்ல துணிக்கு இரண்டு தகுதிகள். அதன் இழை பெயின்ட்டை விட மென்மையாக இருக்க வேண்டும். சிக்கிய துகளை உள்ளே வாங்கிக்கொள்ளும் பஞ்சு போன்ற பூ, அதாவது மேலெழுந்த இழை, இருக்க வேண்டும். முதல் தகுதியை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த உரைகல்லில் நம் வழக்கமான துணிகளை உரசிப் பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்புகளில் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட், தொட்டால் மென்மைதான். ஆனால் அதில் தையல், லேபிள், சில சமயம் பிரிண்ட் அடித்த ரப்பர் பூச்சு எல்லாம் கலந்திருக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சரி, பானெட்டுக்கு வேண்டாம். பழைய பாலியஸ்டர் புடவை வழவழப்பானது. துகளை உள்ளே வாங்க அதில் இடமே இல்லை, எல்லாம் மேலேயே உருளும். ஜரிகைக் கரை இருந்தால் கேட்கவே வேண்டாம். பட்டன் அறுக்காத பழைய சட்டைக்கும் இதே கதி.

டிரைவர்களின் செல்லமான மஞ்சள் துணி பரவாயில்லை ரகம். நன்றாகத் துவைத்துக் கஞ்சி போன பருத்தி ஃபிளானல் என்றால் காய்ந்த மெழுகைத் துடைக்கலாம். புதிதாகக் கடையில் வாங்கியதும் பயன்படுத்தினால் சாயமும் பஞ்சுத் தூசியும் ஒட்டும். ஈரிழைத் துண்டுக்குப் பூ கிடையாது. டர்க்கி டவலுக்கு உண்டு. பல முறை துவைத்த சுத்தப் பருத்தி டர்க்கி டவல், ஓரத்தையும் லேபிளையும் கத்தரித்துவிட்டால், மோசமில்லை. ஓரத் தையலுக்கு பாலியஸ்டர் நூல் போட்டிருப்பார்கள் என்பதால்தான் இந்தக் கத்தரிப்பு. ஷாமி லெதர் தண்ணீரை உறிஞ்சக் கெட்டிக்காரத் தோல். அதிலும் பூ இல்லாததால் மெழுகுக்கு லாயக்கில்லை.

இவை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது மைக்ரோஃபைபர். ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970ல் உருவாக்கிய மிக நுண்ணிய இழைகள் இதற்கு முன்னோடி. துணி பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்தது. 9,000 மீட்டர் நீள இழையின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. திருமலைப் பாதையின் பாதி நீளத்துக்கு இழுத்தாலும் ஒரு கிராமைத் தொடாது. ஒவ்வொரு இழையும் ஆரஞ்சுச் சுளைபோலப் பிளவுபட்டிருப்பதால் இடுக்குகள் ஏராளம். மெழுகும் தூசியும் அந்த இடுக்குகளில் போய் அடங்குகின்றன.

ஆனால் சந்தையில் மைக்ரோஃபைபர் என்று விற்பதெல்லாம் பிளவுபட்ட இழை அல்ல. சோதிக்க வழி எளிது. வறண்ட உள்ளங்கையில் தேய்த்தால் நல்ல துணி தோலைப் பிடித்து இழுக்கும். மேஜையில் சிந்திய தண்ணீரில் வைத்தால் உடனே குடிக்கும். மட்டமானது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். வீட்டில் பழைய சிடி இருந்தால் அதன் பளபளக்கும் பக்கத்தில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பார்க்கலாம். அங்கே கோடு விழுந்தால் காரிலும் விழும். மெழுகு துடைக்கச் சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள துணி போதும். அதைவிடத் தடித்தது ஈரம் துடைக்க ஏற்றது.

பூஜை முடிந்த பின்

புதுக் காருக்கு அலிபிரியிலோ காணிப்பாக்கம் விநாயகர் சன்னதியிலோ பூஜை போடாமல் இந்தப் பக்கத்தில் யாரும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. வேலூர், சென்னை வண்டிகளும் இதற்காகவே வருகின்றன. சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் பானெட்டில் காய்ந்து கெட்டியாகும். வீடு திரும்பியதும் அதைக் காய்ந்த துணியால் சுரண்டித் துடைப்பதுதான் பல புதுக் கார்களின் முதல் கீறல். பொட்டோடு ஒட்டியிருப்பது வழிநெடுக வந்த தூசி.

ஈரத் துணியைப் பொட்டின் மேல் சில நிமிடங்கள் போட்டு ஊறவிட்டால் தானே இளகும். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தை வெயிலில் காயவிடக் கூடாது, அது அமிலம்.

மெழுகுக்கும் இதே வரிசைதான். முதலில் தண்ணீர், பிறகு ஷாம்பு, கடைசியில்தான் துணி. ஒரே வாளியில் துணியை முக்கி முக்கித் துடைப்பவர், கழுவிய மண்ணைத் திரும்பக் காருக்கே கொடுக்கிறார். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு இருந்தால் பாதிக் கீறல் குறையும்.

இடமும் நேரமும் அடுத்த விஷயம். மே மாதத் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மலை ஏறி நின்ற காரின் பானெட் அடுப்புக் கல். அதில் பூசிய மெழுகு நிமிடத்தில் இறுகிவிடும். இறுகியதை எடுக்க அழுத்தித் தேய்க்க வேண்டும், அழுத்தினால் கீறல். அதிகாலையோ மாலையோ, நிழலில், பானெட்டில் உள்ளங்கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும் - இதுதான் முறை. மாமரம் நிறைந்த சித்தூரில் நிழல் தேடும்போது மரத்தடி மட்டும் வேண்டாம். பிசினும் பறவை எச்சமும் மெழுகை விட வேகமாக ஒட்டும்.

நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் நாலு வாங்கினாலும், பானெட்டுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவில் அது ஒரு சிறு துளி. கம்பெனியில் அடித்து வந்த பெயின்ட்டை எந்தச் செலவு செய்தாலும் திரும்ப வாங்க முடியாது. தோளில் கிடக்கும் துண்டு முகம் துடைக்க இருக்கட்டும்.

பெட்டிச் செய்தி: துணிக்கும் உண்டு பதவி இறக்கம்

* மெழுகு பூச ஒன்று, துடைக்க ஒன்று, கடைசி மெருகுக்கு ஒன்று எனத் துணிகளைத் தனித்தனியாக வையுங்கள். நாலாக மடித்தால் ஒரு துணியில் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்ததற்கு மாறுங்கள்.

* தரையில் விழுந்த துணி அன்றைக்கு அவ்வளவுதான். உதறிவிட்டுத் தொடராதீர்கள்.

* பருத்தித் துணிகளோடு மைக்ரோஃபைபரைத் துவைக்காதீர்கள். பஞ்சு ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீர், பிளீச்சிங், துணி மென்மையாக்கும் திரவம், இஸ்திரி நான்கும் ஆகாது.

* மதில் சுவரிலும் வேலியிலும் காயப்போடாதீர்கள். நிழலில், கொடியில் காயவைத்து, மூடிய டப்பாவில் வையுங்கள்.

* பழசானதைத் தூக்கி எறிய வேண்டாம். பானெட்டிலிருந்து கண்ணாடிக்கு, அங்கிருந்து கதவு இடுக்குக்கு, கடைசியில் சக்கரத்துக்கு எனப் பதவி இறக்குங்கள். ஒரு முறை சக்கரத்தைத் தொட்ட துணிக்குப் பதவி உயர்வு கிடையாது.